கதவில்லாத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு வாசல் கதவை மாற்ற வேண்டும் என்று முதலில் சொன்னவர் பெரியப்பா. ஆசாரியை வைத்து மாற்றுங்கள் என்று சொன்னவள் அம்மா. ஆசாரி எதற்கு, நானே மாற்றுகிறேன் என்று சொன்னவர் அப்பா. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாற்றவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் கதவின் குறுக்குச் சட்டத்தில் ஏறி நின்று ஊஞ்சலாடுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது வீடு. பெரியப்பா செங்கல் சூளைகளுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. வாங்கும்போதே பழசு. வாசலில் இரட்டைக் கதவு. இப்போதைய கதவுகளைப் போல அது கீலில் தொங்கவில்லை. மேலேயும் கீழேயும் மரத்தில் குடுமி வைத்து, அந்தக் குடுமி நிலையிலிருக்கும் குழிகளில் சுழலும்படி செய்திருந்தார்கள். குடுமி தேய்ந்து கதவு தரையில் இறங்கிவிட்டது. அடிப்பலகையைக் கரையான் பாதி தின்றிருந்தது. மழை பெய்தால் ஊறிப்போய்த் திறக்காது, வெயில் அடித்தால் காய்ந்துபோய்ச் சாத்த வராது. சத்தம் மட்டும் எல்லாக் காலத்திலும் உண்டு. ஒரு பூனை நுழையும் அளவு திறந்தாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், சோப்பைத் தேய்த்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் முனகிவிட்டு மூன்றாம் நாள் பழையபடி அலறும்.

பெரியப்பாவுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. வாட்ச்மேன் வைத்த மாதிரி இருக்கிறது என்பார். லாரியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, கூடத்தில் கதவைப் பார்த்தபடி போட்டிருந்த நாற்காலிதான் அவருக்கு இடம். சூளைத் தூசியில் பல வருஷம் கிடந்ததில் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. வாயில் வைத்து அழுத்துகிற மருந்துப் பம்ப் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தாவும் ஆயாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது அப்பா பள்ளிக்கூடப் பையன், அத்தை கைக்குழந்தை. இருவரையும் அவர்தான் வளர்த்தார். அப்பாவைப் படிக்கவைத்து ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகச் சேர்த்துவிட்டார். அத்தையை நர்சிங் படிக்கவைத்தார். அதனால் அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. மறு சொல் சொல்லக் கூடாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் அது தோன்றாது, அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் அத்தைக்கு அது தோன்றியது. ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், யாருக்கும் சொல்லாமல் ஹைதராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டிருந்தாள். வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அது வந்த அதே வாரம் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு வரனும் வந்தது. ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டியதே இல்லை என்று அவர்கள் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார்கள். பெரியப்பா கடிதத்தை மடித்து அத்தையிடமே கொடுத்தார். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அத்தனை தூரம் அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவது என்று கேட்டார். வரன்காரர்களை வியாழக்கிழமை நிச்சயத்துக்கு வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலில் தொடப்போவது இந்தக் கதவைத்தானே, அது இப்படியா இருப்பது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் அவருக்கு வந்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது கோவையாகத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அத்தை நடப்பதைத்தான். ஆஸ்பத்திரி வேலையை விடச் சொல்லிவிட்டதால் அவளுக்கு நாள் முழுவதும் வீடுதான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவாள், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவாள். உட்கார்ந்தால் கால் ஆடும். துணி மடிப்பாள், மடித்ததை உதறி மறுபடி மடிப்பாள். கொல்லைப் பக்கம் வழி கிடையாது, சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர். சில சமயம் வாசல் கதவு வரைக்கும் போய்த் தாழ்ப்பாளில் கை வைப்பாள். கதவு லேசாக முனகும். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்க?" என்பார். அதட்டலே இருக்காது அதில். "சும்மாண்ணா" என்று அத்தை திரும்பிவிடுவாள். அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது.

கருங்குழியில் இடித்த வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் ஒரு கிடங்கிலிருந்து புதுக் கதவு வந்தது. புது என்றால் எங்களுக்குப் புது. ஒற்றைக் கதவு, நல்ல தேக்கு, யார் வீட்டிலேயோ இருந்தது. பெரியப்பாவும் அப்பாவும் போய் வாங்கி, லோடு ஆட்டோவில் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் சாய்த்தார்கள். எங்கள் நிலையைவிட அது இரண்டு விரல் உயரம் அதிகம். குடுமி கிடையாது, கீல் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ரயில்வே கேட் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஆசாரி வந்து அளவு பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் டிபன் நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். வேண்டாம், ஒரு பலகை, மூன்று கீல், இதற்கு எதற்கு ஒரு ஆள், நானே மாட்டிவிடுகிறேன் என்றார்.

ஆசாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சார், கதவு மாட்றது ஆபீஸ்ல பேப்பர் எழுதற மாதிரி இல்ல. உங்க நிலை ஒரு நூல் சாஞ்சி கீது. பாத்தா தெரியாது. மாட்டும்போதுதான் காட்டிக்குடுக்கும்."

"பாக்கறேம்பா. முடியலன்னா திங்கக்கெழம உன்னதான கூப்டப்போறேன்" என்றார் அப்பா.

அம்மா அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இதே பேச்சாக இருந்தாள். அப்பாவுக்குக் கைவேலை வராது என்று அவள் சொல்லவில்லை. அப்பா எந்த வேலையையும் முடிக்க மாட்டார் என்பதுதான் அவள் குற்றச்சாட்டு. அதற்கு வீட்டில் நிறைய சாட்சி இருந்தது. சமையலறை அலமாரிக்கு அழகாக நாலு தட்டு அடித்தவர் ஐந்தாவதை அடிக்கவில்லை. கொல்லைக் குழாயை மாற்றியவர் கைப்பிடியைப் போடவில்லை, இரண்டு வருஷமாக அதைக் குறடால் திருகிக்கொண்டிருந்தோம். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் முக்கால் கதவைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா பாத்திரங்களைப் பார்த்துச் சொன்னாள். பெரியப்பாவே, "டேய், ஆசாரிய வரச்சொல்லேன்டா" என்று இரண்டு முறை சொல்லிப்பார்த்தார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. சிரித்துக்கொண்டே உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா சொல்லி அப்பா கேட்காமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது ஒரு கதவுக்காக என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி சாப்பிட்ட கையோடு, கடப்பாரையை அடியில் கொடுத்து அப்பாவும் பெரியப்பாவும் பழைய கதவை நெம்பிக் கழற்றினார்கள். கடைசியாக அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பிறகு கூடத்துக்குள் வெளிச்சம் வந்தது. அந்தக் கூடத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சுவரில் எண்ணெய்த் தலைகள் சாய்ந்த கறைகள், மூலையில் ஒட்டடை, பெரியப்பாவின் நாற்காலிக்கு அடியில் பல நாள் தூசி எல்லாம் தெரிந்தன. தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். யாருக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கதவில்லாத வீட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்வது என்று தெரியவில்லை.

தெருவில் ஆடுகளும் நாய்களும் அதிகம். வாசலில் யாராவது உட்கார வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். தானே உட்கார்வதாகச் சொல்லி நாற்காலியை நகர்த்தப் போனார். அப்பா அதற்குள் உப்புத்தாளை எடுத்துக் கதவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். வெளியே வெயில் என்று கூடத்துக்குள்ளேயே, ஃபேனைப் போட்டுக்கொண்டு. பத்து நிமிஷத்தில் கூடம் முழுவதும் மரத்தூள் பறந்தது. பெரியப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. உனக்கு அறிவிருக்கிறதா, ஃபேனை அணைத்துவிட்டுத் தேய்க்கக் கூடாதா என்று திட்டிக்கொண்டே பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா, நான் வாசலில் உட்கார்கிறேன் என்று வந்தாள். "நீ சமையலப் பாரு. பாப்பா உக்காரட்டும்" என்றார் அப்பா.

ஒரு முக்காலியைப் போட்டு, கையில் ஒரு குச்சியையும் கொடுத்து என்னை உட்காரவைத்தார். ஆடு வந்தால் விரட்ட வேண்டும், நாய் வந்தால் விரட்ட வேண்டும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த கௌரவம் பிறகு எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை.

அப்பாவின் வேலை நடந்தது. மேலே இரண்டு விரல் அறுத்தார். நிலையில் கீல் உட்காரும் இடத்தைக் கோடு போட்டு உளியால் செதுக்கினார். நடுநடுவே ஹார்டுவேர் கடைக்குப் போய்வந்தார். முதலில் கீல் சின்னதாகப் போய்விட்டது என்று போனார். அடுத்து ஸ்க்ரூ நீளம் போதாது என்று போனார். மூன்றாவது தடவை உப்புத்தாள் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். போகும்போது பை உப்பலாக இருக்கும், வரும்போது தட்டையாக இருக்கும். வாங்கியதெல்லாம் தப்பு, திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகத் தெரியாதா என்று அம்மா கேட்டாள். பின்னறையிலிருந்து பெரியப்பா, கடைக்காரன் இவனுக்காகவே ஞாயிற்றுக்கிழமை திறந்துவைத்திருக்கிறான் போலிருக்கிறது என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா நாலாவது தடவை கிளம்பினார். பையை எடுக்கும்போது அம்மா சமையலறையிலிருந்து வந்து பையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், ஒரு எவர்சில்வர் டப்பாவில் புளிசோறு அடைத்து, பேப்பரைச் சுற்றிக் கொண்டுவந்து பைக்குள் வைத்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இப்போதுதான் சாப்பிட்ட மனிதர், ஐந்து நிமிஷத்தில் இருக்கும் கடைக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஸ்க்ரூ வாங்கப் போவது எனக்கு விசித்திரமாக இருந்தது. பெரியவர்கள் செய்வதில் பாதி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். வீட்டில் போடும் பழைய சுடிதார், ரப்பர் செருப்பு, கையில் ஒரு சின்ன பர்ஸ். வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் கையை நீட்டினாள். அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. கை காற்றில் ஒரு வினாடி நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"கடைக்கா?" என்றேன்.

"ஆமா."

"எனக்கு இன்னா வாங்கினு வருவே?"

அத்தை பர்ஸை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "உனக்கு இன்னா வேணும்?"

"தேன்மிட்டாய்."

அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். எந்தச் சத்தமும் இல்லை. அத்தை வெளியே போகும்போது சத்தம் வராதது அவளே போகாத மாதிரி இருந்தது. தெருமுனையில் அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆடு வந்தது. விரட்டினேன்.

பத்து நிமிஷம் இருக்கும். அத்தை திரும்பி வந்தாள், கிட்டத்தட்ட ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். இரண்டு வாங்கி வருவாள் என்று நினைத்திருந்தேன், அதில் ஒரு கை நிறைய இருந்தது.

"எல்லாத்தியும் இன்னிக்கே துன்னாத. ஒண்ணொண்ணா துன்னு. துன்னுட்டு வாய் கொப்புளி" என்றாள். என் தலையில் கை வைத்து அழுத்தினாள், வலிக்கும் அளவுக்கு. சாத்தியிருந்த பின்னறைக் கதவை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். மறுபடியும் இறங்கி, வந்த வழியே போனாள். அப்பாவைப் போலவே இவளுக்கும் மறதி, வாங்க வேண்டியதை வாங்காமல் மிட்டாயை மட்டும் வாங்கிவந்துவிட்டாள், மறுபடி போகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா வந்து திரும்ப வேலையைத் தொடங்கினார். அவர் அத்தையை விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை, வாய் நிறைய மிட்டாய். மரத்தூள் பின்னறைக் கதவின் இடுக்கு வழியாகவும் போயிருக்க வேண்டும். பெரியப்பாவின் இருமல் இழுப்பாக மாறியது. அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பம்பை எடுத்து, முதுகில் தட்டி, மூச்சை எண்ணச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. இன்னொரு முறை கூப்பிட்டார். அம்மாதான் ஓடினாள். பம்ப் அவர் தலைமாட்டிலேயே, கைக்கு எட்டும் இடத்தில், துடைத்து வைக்கப்பட்டிருந்ததாம். இரண்டு தடவை இழுத்துக்கொண்டவர், அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். பிறகு எழுந்து அத்தையின் அலமாரியைத் திறந்து பார்த்தார். சர்டிபிகேட் வைத்திருந்த ஃபைல் இல்லை. நல்ல துணிகள் இல்லை.

கூடத்துக்கு வந்து என் முன்னால் நின்றார். "அத்த எங்க?"

"கடைக்கு."

"எப்ப?"

எனக்கு மணி பார்க்கத் தெரியும், ஆனால் அன்று பார்க்கவில்லை. பொட்டலத்தைக் காட்டினேன். அதில் பாதி காலியாகியிருந்ததைப் பார்த்து அவர் நேரத்தைக் கணக்கிட்டிருப்பாரோ என்னவோ. அப்பா பக்கம் திரும்பினார். வண்டியை எடு, ஸ்டேஷனுக்குப் போ என்றார். அப்பா உளியைக் கீழே வைத்தார். எழுந்தார். ஆனால் நகரவில்லை.

"கதவு இல்லாத வூட்ட வுட்டுட்டு எப்டிண்ணா போறது?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அடிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, இழுக்கிற மூச்சோடு, அப்பாவின் மொபெட்டைத் தானே தள்ளி ஸ்டார்ட் செய்துகொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கழிந்த நேரத்தைப் போல நீளமான நேரத்தை நான் அறியேன். அம்மா கழுவிய பாத்திரத்தையே கழுவினாள். அப்பா அளந்த இடத்தையே அளந்தார், பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினார். யாராவது தெருவில் நடந்தால் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். எனக்கு மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது. நான் காவல் இருந்தபோதுதான் அத்தை போயிருக்கிறாள். நான் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, பெரியப்பாவாக இருந்தால் கேட்டிருப்பார். அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் போய், நான்தான் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

அப்பா மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் புருவத்திலும் மீசையிலும் மரத்தூள். "ஆட்ட உள்ள வுட்டியா?"

"இல்ல."

"நாய வுட்டியா?"

"இல்லப்பா."

"அப்புறம் இன்னா? உன் வேல அவ்ளோதான்" என்றார்.

சாயங்காலம் பெரியப்பா தனியாகத் திரும்பிவந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுக்க மறந்து, மறுபடி போய் எடுத்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் கேட்காமலே, "ட்ரெயின் போய்ட்ச்சி" என்றார். என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு என் முக்காலியில் உட்கார்ந்தார். கதவு எப்போது மாட்டுவாய் என்று அப்பாவைக் கேட்டார். இன்றைக்கு முடியாது போலிருக்கிறது என்று அப்பா சொன்னார். சரி, ஆசாரியையே வரச் சொல் என்றார் பெரியப்பா. அன்றிரவு அப்பா வாசலை அடைத்து ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் ஆசாரி வந்தார். நிலையில் செதுக்கியிருந்த இடங்களை விரலால் தடவினார். கீலை வைத்துப் பார்த்தார், அது அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. சாய்ந்திருந்த ஒரு நூலுக்கும் அப்பா கதவின் ஓரத்தில் இழைத்துச் சரிக்கட்டியிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான சார் கீது. ஸ்க்ரூ போட்டா முடிஞ்சிது. இதுக்கு என்ன எதுக்கு கூப்ட்டீங்க?" என்றார்.

"நமக்கு வராதுப்பா" என்று அப்பா சொன்னார்.

ஆசாரி அரைமணியில் மாட்டிவிட்டுப் போனார். புதுக் கதவு சத்தமே போடவில்லை.

வியாழக்கிழமைக்கு முன்பே பெரியப்பா மதுராந்தகம் போய் அவர்களிடம் தானே பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சொந்தக்காரர்களிடம் அவர் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, எந்த விசேஷம் என்றாலும் சொல்வார். ஒரு கதவை மாட்டத் தெரியாதவன் நானே மாட்டுகிறேன் என்று உட்கார்ந்தான், ஆசாரியைக் கூப்பிட்டிருந்தால் என் தங்கச்சி இன்றைக்கு மதுராந்தகத்தில் இருந்திருப்பாள் என்பார். கேட்பவர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தைக் கலக்குவார். தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் விடு என்பதற்கு எங்கள் வகையறாவில் இன்றும் இதுதான் உதாரணம்.

அத்தை முதல் மாதமே அப்பாவின் ஆபீசுக்குப் போன் செய்தாள். அடுத்த பொங்கலுக்கு வந்தாள். கதவைத் திறந்தவர் பெரியப்பா. நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றோம். "ட்ரெயின்ல கும்பலா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துபோனாள். கூட வேலை பார்த்த ஒருவரை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள், பெரியப்பா போய் முன்னால் நின்று நடத்திவைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் அவர்கள் இருவரும் பேசியதில்லை.

பெரியப்பா போன வருஷம் காலமானார். கடைசி ஒரு மாதம் அத்தை லீவு போட்டுக்கொண்டு வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா கை கழுவ வந்தாராம். குழாயைக் குறடால் திருகிக்கொண்டே, சுவரைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வூட்டுக்குக் கதவு இருக்காது. திங்கக்கெழம ஆசாரி வந்துருவாரு" என்றாராம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையை எடுக்கும்போது, ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு என்று மட்டும் முணுமுணுத்தாராம். துணி, சர்டிபிகேட் எல்லாம் அங்கே அப்பா பேரைச் சொன்னதும் ஒரு பையாகக் கிடைத்தது. மேலே ஒரு டப்பா புளிசோறும் இருந்தது, அது மட்டும் யார் வேலை என்று அவளுக்கு வெகு நாள் புரியவில்லையாம். அன்று வாசலில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும், அம்மாவாக இருந்தால்கூட, எங்கே போகிறாய் என்றுதான் கேட்டிருப்பார்கள், கேட்டிருந்தால் அவள் திரும்பி உள்ளே போயிருப்பாளாம். நான் மிட்டாய் கேட்டதில்தான் கணக்குத் தப்பிவிட்டது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதில் ஒரு ட்ரெயின் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. அடுத்தது பிளாட்பாரத்தில் வெகு நேரம் நின்றது. அவள் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பெரீண்ணன் வந்துட்டாரு" என்றாள். "ஒவ்வொரு பொட்டியா எட்டிப் பாத்துகினே வந்தாரு. இருமிகினே வந்தாரு. என்னப் பாத்துட்டாரு. நான் எழுந்துட்டேன். வான்னு கையக் காட்டியிருந்தா போதும், எறங்கியிருப்பேன். அவரு அப்டியே திரும்பி டீக்கடைக்குப் போய்ட்டாரு. ட்ரெயினுக்கு முதுகக் காட்டினு நின்னு டீ குடிச்சாரு. வண்டி நகர்ற வரைக்கும் திரும்பவே இல்ல."

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அத்தை கொடியில் க்ளிப் போட்டுக்கொண்டே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியப்பா என் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் கூடத்து ஓரத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில், பொத்தான் வரிசையை ஒட்டி, டீ சிந்தியிருந்தது. பெரிய கறை, இன்னும் ஈரம் காயவில்லை. அத்தையைத் தேடிப் போன மனுஷர், ஓடிப் பிடித்திருக்க வேண்டியவர், நடுவழியில் நின்று ஆற அமர டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரோடு பேசக் கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் பேசவில்லை. அவரும் ஏன் என்று என்னைக் கேட்கவில்லை.